கோடையில் ஊர் சுற்றியபோது கேட்டது, பார்த்தது: இன்னும் விடாமல் துரத்தும் ஒரு நிமிடம் உண்டா?

கரிக்கோடு:
கேரளத்துத் திருச்சூர் பூரம் திருவிழா பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் யானை, குடைமாற்றம், வெடிக்கட்டு எதையும் விவரிக்கப் போவதில்லை. நான் போனது படம் வரைய. வடக்குநாதன் கோயில் மதிலுக்குள், பூரத்தின் இரண்டு தரப்புகளில் ஒன்றான பாறமேக்காவு தரப்பு வாசிக்கும் இலஞ்சித்தறை மேளம் என்ற செண்டை மேளம். மேட மாதத்து வெயில், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், நோட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடிந்தது.

முன்வரிசைச் செண்டைக்காரர்களை வரையப் பார்த்தேன். கோல் போகிற வேகத்துக்கு என் பென்சில் போகவில்லை. அப்புறம் கண் அவர்களுக்குப் பின்னால் நின்ற வலந்தலைக்காரர்கள் மேல் போனது. அவர்களுக்கு வித்தை காட்டும் வேலை கிடையாது. தாளத்தைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியிருப்பார். காலம், அதாவது தாளத்தின் வேகப் படி, மாறி மாறி மேளம் வேகம் பிடித்து, மொத்தக் கூட்டமும் இரண்டு கைகளையும் மேலே வீசி ஆடத் தொடங்கிய நேரத்தில், அவர் இடது தோளை லேசாக உயர்த்தித் தோளில் சரிந்திருந்த, செண்டையைத் தாங்கும் கச்சையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு அடிகூடப் பிசகவில்லை, முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தத் தோளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். செண்டை வருகிறது, வியர்வை வருகிறது, பின்னால் கூட்டத்தின் கைகள்கூட வருகின்றன. தோள் வர மாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி எதாவது மாட்டியிருந்தால் எழுதுங்கள்.

மே மழை:
அதே பஞ்சவாத்தியத்தை நானும் கேட்டிருக்கிறேன்! நான் விளம்பரங்களுக்கு இசை போடுகிறவள். செண்டை எல்லாம் எல்லோரும் சொல்வார்கள், என்னைப் பிடித்தது கொம்பு. பித்தளைக் கொம்புகள் வரிசையாக ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்து எழும்பி, ஊதி, சட்டென்று நின்றன. நின்ற பிறகு அடுத்த அடி விழுவதற்குள் ஒரு சின்ன இடைவெளி இருந்தது பாருங்கள், அதில் கூட்டமே மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. ஸ்டுடியோவில் அந்த இடைவெளியைக் கொண்டுவரப் பார்க்கிறேன். மௌனம் வைத்தால் மௌனமாகத்தான் இருக்கிறது, மூச்சு வரவில்லை.

ஆறாம் காலம்:
மே மழை, நீங்கள் கேட்டது பஞ்சவாத்தியம் இல்லை. இலஞ்சித்தறையில் வாசிப்பது பாண்டி மேளம். பஞ்சவாத்தியத்தில் செண்டையே கிடையாது. திமிலை, மத்தளம், இடக்கா, இலத்தாளம் என்கிற கைத்தாளம், கொம்பு, இவைதான் அந்த ஐந்து. பூரத்தன்று பஞ்சவாத்தியம் வேண்டுமானால் எதிர்த் தரப்பான திருவம்பாடியின் ‘மடத்தில் வரவு’ ஊர்வலத்துக்குப் போயிருக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் இலஞ்சித்தறைப் பக்கம் சூடு பிடிக்கும். இன்னொன்று, பாண்டி மேளம் பொதுவாகக் கோயில் மதிலுக்கு வெளியே வாசிக்கிற மேளம். இலஞ்சித்தறையில் மட்டும் உள்ளே வாசிப்பதுதான் விசேஷமே. இதைத் தெரிந்துகொள்ளாமல் அதைக் கேட்டுப் பாதிக்குமேல் பயன் இல்லை என்பது என் கருத்து.

என் அனுபவம் என்று பெரிதாக இல்லை. பெருவனம் குட்டன் மாரார் தலைமையில் அந்த மேளத்தைக் கேட்டிருக்கிறேன். அவர் கையைவிட, கோலை உயர்த்தும் முன் எதிரே நின்ற குழல்காரரைப் பார்த்த பார்வைதான் இன்னும் நினைவில் நிற்கிறது.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ரசனைக்காகப் போவதென்றால் திருச்சூரை முதலில் வைக்காதீர்கள், அந்தக் கூட்டத்தில் காதும் கண்ணும் வேலை செய்யாது. பூரத்துக்கு மறுநாள் உத்திரத்தன்று இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்யத்தில் கொடியேறும். அங்கே சீவேலி என்கிற சுவாமி உலாவுக்குப் பஞ்சாரி மேளம் வாசிப்பார்கள். பஞ்சாரியின் தாளச் சுற்று 96 அட்சரத்தில், அதாவது 96 எண்ணிக்கையில், ஆரம்பித்து 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறைந்து 6-இல் போய் நிற்கும். விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள், முதல் காலம் இழுவையாகத்தான் இருக்கும், எழுந்து போய்விடாதீர்கள். இலத்தாளத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், இரண்டு நாளைக்குக் காது அடைத்துக்கொள்ளும். குழலுக்கும் செண்டைக்கும் நடுவே பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். போனில் பதிவு செய்யாதீர்கள். செய்துதான் ஆவேன் என்றால் சத்த அளவைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் வெறும் இரைச்சல்தான் பதிவாகும். பருத்தி வேட்டி, கையில் உப்புப் போட்ட மோர். கரிக்கோடு, நீங்கள் ஒரு மாதம் செண்டை பழகிவிட்டு வரையுங்கள். அதன் எடையைத் தோளில் சுமக்காதவன் எப்படி அந்தத் தோளை வரைவான்?

மே மழை:
பெயர் எதுவாக இருந்தாலும் அந்த மூச்சைக் கேட்டது என் காதுதான். பாதி பயன்தான் என்று நீங்கள் எப்படி அளந்தீர்கள்?

அரைக்கால் அபிநயம்:
சண்டை வேண்டாம், நான் மேலட்டூருக்கு அழைத்துப் போகிறேன். தஞ்சாவூர் பக்கம், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, மே மாதத்தில் நடக்கும் பாகவத மேளா. ராத்திரி முழுக்க வரதராஜப் பெருமாள் சன்னதிக்கு எதிரே, மேலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்கள். பெண் வேஷமும் ஆண்கள்தான். ஆடுகிறவர்களில் பலர் வெளியூரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, இதற்காகவே லீவு போட்டுவிட்டு வருகிறவர்கள்.

பிரகலாத சரித்திரம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் விடியற்காலை நரசிம்மர் வருவதற்காகத்தான் கண்விழித்து உட்கார்ந்திருப்பார்கள். பூஜையில் இருக்கும் முகமூடி, விரதம் இருந்து அதைப் போட்டுக்கொள்கிறவர், ஆவேசத்தில் அவரைப் பிடித்துக்கொள்ள ஆட்கள். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னைத் தூங்கவிடாதது லீலாவதி. மகனுக்கு விஷம் கொடுக்க வேண்டிய கட்டம். அந்தத் தாய் வேஷக்காரர் கிண்ணத்தை நீட்டவில்லை. தன் மார்போடு அணைத்து, மூடி, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார், கிண்ணத்தின் வாயை! விஷத்தின் மூச்சை அடைப்பது மாதிரி. நான் பரதம் சொல்லிக்கொடுக்கிறவள். தாயின் தவிப்புக்கு எங்கள் பாடத்தில் இருக்கும் கைகளை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன், இந்தக் கை எதிலும் இல்லை.

மறுநாள் காலை டீக்கடையில் அவரைப் பார்த்தேன். சட்டை, கைக்கடிகாரம், காதோரம் கழுவாமல் விட்ட மஞ்சள். அந்தக் கையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். இப்போது என் மாணவிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

செஞ்சிக்காரன்:
நல்ல பதிவுகள்தான். ஆனால் இதுவரை எழுதியவர்கள் எல்லோருமே ரயில் டிக்கெட் போட்டு, ரூம் பிடித்துக் கலை தேடிப் போனவர்கள். எங்கள் பக்கம், விழுப்புரம் திருவண்ணாமலை வட்டாரத்தில், சித்திரை வைகாசி வந்தால் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு, கடைசியில் துரியோதனன் சாகும் படுகளம், தீமிதி. டிக்கெட்டும் கிடையாது, விளம்பரப் பலகையும் கிடையாது, கலை என்று யாரும் எழுதுவதும் கிடையாது.

என் கதை படுகளத்தன்று நடந்தது. விடிய விடிய ஆடிய துரியோதனன், தூங்காமல் காலையில் களத்துக்கு வந்துவிட்டார். மண்ணில் படுத்திருக்கிற மாதிரி பெரிய துரியோதனன் உருவம் செய்து வைத்திருப்பார்கள். பீமன் துரத்த, அதைச் சுற்றிச் சுற்றி இவர் ஓட வேண்டும். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், அதில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் வெயிலில் நம் கண்ணைக் குத்துகின்றன. சிவப்பு அரிதாரம் வியர்வையோடு கழுத்து வரை வழிந்துவிட்டது. கீழே தரை கொதிக்கிறது. ஒரு சுற்றில் கொஞ்சம் தடுமாறி ஓரமாக நின்றார். சும்மாட்டுத் துணியோடு குடத்தை இறக்கி வைத்திருந்த ஒரு கிழவி, “இரு சாமி” என்று ஒரு சொம்பு தண்ணீரை அவர் பாதத்தில் ஊற்றினாள். அவர் கிரீடம் கழன்றுவிடாமல் தலையை மெதுவாகச் சாய்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்படியே கதாயுதத்தை உதறிக்கொண்டு “அடேய் வீமா!” என்று மறுபடி ஓடினார்.

ஐந்து நிமிடத்தில் தொடையில் அடி விழுந்தது, அம்மன் கூந்தல் முடித்தாயிற்று, சனம் அந்த உருவத்து மண்ணைப் பிய்த்து மடியில் கட்டிக்கொண்டு போனது. துரியோதனன் சாக வேண்டும் என்றுதான் அந்தக் கிழவியும் காலையிலிருந்து காத்திருந்தாள். அவள் ஏன் தண்ணீர் ஊற்றினாள்? நான் சிறுகதை எழுதுகிறவன். இதை எழுத உட்காரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு காரணம் கொடுத்துவிடுகிறேன், உடனே கதை செத்துவிடுகிறது.

அரைக்கால் அபிநயம்:
செஞ்சிக்காரரே, டிக்கெட் போட்டுப் போனால் குற்றமா? மேலட்டூரிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. கிழவி ஊற்றியது வேஷத்துக்கு இல்லை, வேஷக்காரனுக்கு என்று வைத்துக்கொள்ளலாமே?

செஞ்சிக்காரன்:
வைத்துக்கொள்ளலாம் அம்மா. ஆனால் “சாமி” என்று கூப்பிட்டாளே, அது யாரை?

கோண்டாவில்:
யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவை இங்கே ஒருவரும் சொல்லவில்லை. கனடாவில் பிறந்த என் அக்காவின் மகன் பள்ளிக்கூட லீவுக்கு வந்திருந்தான். அங்கே டிரம்ஸ் பழகுகிற பிள்ளை. மேற்சட்டையைக் கழற்றச் சொன்னதுக்கே முகத்தை நீட்டிக்கொண்டு வந்தவன். பின்னேரத் திருவிழாவில் நாதஸ்வரம் நிற்க, தவில் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. இவன் இரும்பு வேலியில் விரலால் தட்டத் தொடங்கினான். தவில்காரர் கண்டுவிட்டார். ஒரு சொல்லை, அதாவது தவில் அடிகளின் ஒரு கோவையை, இவனைப் பார்த்து வாசித்துவிட்டு நிறுத்தினார். இவன் தட்டினான், பிழையாகிப் போனது. அவர் தலையை ஆட்டி, அதையே இன்னும் மெதுவாக வாசித்தார். அதற்குள் சுவாமி நகர, சனம் தள்ள, ஆளை ஆள் காணவில்லை. திரும்பிப் போன பிறகும் அந்தச் சொல் என்ன என்று போனில் கேட்கிறான். எனக்கு எப்படித் தெரியும்?

ஆறாம் காலம்:
கோண்டாவில், பையனை அவன் நினைவில் இருக்கிற வரைக்கும் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. தவில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் எந்த நடை என்றாவது சொல்லிவிடுவார். கூடவே அவனை நொட்டேஷன் எழுதப் பழக்குங்கள், ஆனால் மேற்கத்திய முறையில் வேண்டாம்…

கரிக்கோடு:
ஆறாம் காலம் ஐயா, செண்டை வகுப்புக்கு விசாரித்துவிட்டேன். முதலில் கருங்கல்லில் புளியங்கோலால் அடித்துப் பழக வேண்டுமாம், செண்டையைத் தோளில் மாட்டவே பல மாதம் ஆகுமாம். செஞ்சிக்காரரே, அடுத்த பாரதத்துக்கு நான் வரலாமா? கூட்டத்தில் நின்று வரைய இடம் கிடைக்குமா?

செஞ்சிக்காரன்:
வாங்க. டிக்கெட் போட்டே வாங்க, கோபிக்க மாட்டேன். செருப்பைக் கோயில் பக்கம் விட்டுவிட்டுக் களத்துக்கு வரணும், அதனால் பத்து மணிக்கு முன்னாலேயே வேப்ப மரத்தடியில் இடம் பிடிச்சுக்குங்க.