ரிமோட் லேப்: ‘தொலைச்செய்முறை’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

தொலைவில் உள்ள ஆய்வகக் கருவியை இணையவழி இயக்கிச் செய்முறை செய்யும் ‘ரிமோட் லேப்’ (remote lab) என்பதற்குத் தமிழ்ப் பெயராக முன்வைக்கப்பட்ட ‘மெய்நிகர் ஆய்வகம்’ (virtual lab) என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. மெய்நிகர் ஆய்வகத்தில் கருவியே கிடையாது. கணினிதான் சமன்பாட்டைக் கணக்கிட்டு விடையைத் திரையில் வரைகிறது. நாம் பெயர் தேடுவதிலோ உண்மையான கருவி எங்கோ ஓர் அறையில் இருக்கிறது. மாணவர் உலாவியில் கட்டளையிட்டதும், இணையத்தில் இணைந்த நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லு) மோட்டாரைச் சுழற்றுகிறது, உணரி (சென்சார்) அளக்கிறது, கேமரா காட்டுகிறது.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2.007 நொடி என்பதை மெய்நிகர் ஊசல் எத்தனை முறை கேட்டாலும் மாறாமல் சொல்லும். உண்மை ஊசலிலோ ஒளியுணரி ஒருமுறை 2.01 என்றும் மறுமுறை 1.99 என்றும் காட்டக்கூடும். நூலின் பிடி தளர்ந்திருக்கலாம், குண்டு ஒரே தளத்தில் ஆடாமல் நீள்வட்டமாகச் சுற்றியிருக்கலாம். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடிச் சராசரி எடுப்பதுதான் செய்முறைக் கல்வியின் உயிர். கருவி வாங்க வசதியற்ற பள்ளிக்கும், ஆய்வு மேசை முன் நிற்க இயலாத மாணவருக்கும் இது கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும்!

இது புதிய முயற்சியும் அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) ‘வெப்லேப்’ என்னும் தொலை ஆய்வகம் 1998இலேயே குறைக்கடத்திச் சாதனங்களை உலாவி வழியே அளக்க வழி செய்தது. சுவீடனின் பிளெக்கிங்கே தொழில்நுட்பக் கழகத்தில் உருவான விசிர் (VISIR) அமைப்பில், மாணவர் திரையில் அமைக்கும் மின்சுற்றை ரிலேக்கள் என்னும் மின்னால் இயங்கும் சுவிட்சுகள் உண்மையான பாகங்களைக் கொண்டு இணைக்கின்றன. ஓர் அளவீடு மிக விரைவில் முடிந்துவிடுவதால், ஒரே கருவித் தொகுதியைப் பலர் காத்திருப்பதே தெரியாமல் பகிர்ந்துகொள்கின்றனர்.

‘தொலை ஆய்வகம்’ தவறன்று. ஆனால் ‘ஆய்வகம்’ என்றதும் இரத்தப் பரிசோதனை நிலையமும் ஆராய்ச்சிக் கூடமும் நினைவுக்கு வருகின்றன. ‘செய்முறை’யோ செய்முறைத் தேர்வு எழுதிய ஒவ்வொருவரும் அறிந்த சொல். எனவே செயலைத் ‘தொலைச்செய்முறை’ என்றும், கருவிகள் உள்ள இடத்தைத் ‘தொலைச்செய்முறைக்கூடம்’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. இரண்டாவது சொல் நீளம்தான். செயலியின் பொத்தானில் முதற்சொல்லே போதும். ‘தொலை’ என்பது இழத்தலையும் குறிக்குமே என்ற தயக்கம் வேண்டியதில்லை. தொலைபேசியை எவரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை.

மாணவரின் வீட்டுக்கே அனுப்பப்பட்டு, அளவீடுகளை ஆசிரியருக்கு இணையவழி அனுப்பும் கருவிப் பெட்டிக்கு மட்டும் இச்சொல் பொருந்தாது. அங்கே கருவி மாணவரின் கையிலேயே இருக்கிறது. அதனை ‘இணைய செய்முறைப் பெட்டி’ எனத் தனியே குறிக்கலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.