கப்பலேறிப் போனவரின் மரண விசாரணைக் கோப்பு

என் தாயாரின் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூருக்குப் போனவர். இரண்டு முறை பணம் அனுப்பினார். பிறகு ஒரு தகவலும் இல்லை. அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்பதே மூன்று தலைமுறையாக ஊர்ப்பேச்சு. கொள்ளுப்பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. எங்கள் வீட்டில் அவருக்குத் திதி கொடுத்ததும் இல்லை.

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. அவர் பெயரைப் பத்து விதமாக ஆங்கிலத்தில் எழுதித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அக்காலத்து ஆங்கில நாளிதழ்கள் தமிழர்களைப் பெரும்பாலும் ‘கிளிங்’ என்றே குறித்தன என்பது பிறகுதான் தெரிய வந்தது. கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சொல் நம்மவர்களைப் புண்படுத்தும் வசைச்சொல்லாகவும் ஆகிப்போனது. அதைத் தட்டச்சு செய்யவே மனம் கூசியது. ஆனாலும் அந்தச் சொல்லோடு துறைமுகம், மரண விசாரணை ஆகிய சொற்களைச் சேர்த்துத் தேடிய பிறகே, கப்பலின் சரக்கறைக்குள் விழுந்து ஒருவர் இறந்ததாக 1912ஆம் ஆண்டின் நான்கு வரிச் செய்தி கிடைத்தது. அதில் பெயர்கூட இல்லை, தேதி மட்டும் இருந்தது.

ரிக்‌ஷா இழுத்த சீனத் தொழிலாளர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் வாரன் 1986இல் வெளியிட்ட நூல் சிங்கப்பூரின் மரண விசாரணைக் கோப்புகளைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது என்று அறிந்திருந்ததால், அந்தத் தேதியை வைத்துக்கொண்டு கோப்பையே தேடினேன். நுண்படச் சுருளில் (மைக்ரோஃபிலிம்) மூன்று பக்கங்கள் இருந்தன. உடன் தங்கியிருந்தவர் தமிழில் சொன்ன வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டு, ஆங்கிலத்தில் கையால் எழுதி, அடியில் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். ஊர்ப்பெயரை எழுத்தாகப் பார்த்தால் எந்த ஊரென்று விளங்காது. வாய்விட்டுப் படித்தால் எங்கள் ஊர். இறந்தவர் தனக்கு ‘மனைவியின் சகோதரர்’ என்று சாட்சி சொன்னதாக இருந்ததால், கொள்ளுத்தாத்தாவுக்கு உடன்பிறந்த தங்கை யார் என்று நான்கு மாதம் அலைந்தேன். கடைசியில் பெரியம்மாதான், “மச்சான் முறை என்று சொல்லியிருப்பான், வெள்ளைக்காரனுக்கு அது எப்படிப் புரியும்” என்று ஒரே வார்த்தையில் முடிச்சை அவிழ்த்தார். இப்படிப்பட்ட கோப்புகளில் வரும் உறவுச்சொற்களை முதலில் தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள் என்று இங்குள்ள அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி:
ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் தாத்தாவின் நினைவு வந்தது. அவர் ரயில் பாதையில் அடிபட்டு இறந்தார். நம் ஊர்ப்பக்கம் ‘நூற்றெழுபத்து நாலு’ என்று சொல்லப்பட்ட, அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி தயாரான பிரேத விசாரணை அறிக்கையின் நகல், ஓய்வூதியத்துக்காக வாங்கி வைத்தது, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நிலப்பத்திரங்களோடு கிடந்தது. இத்தகைய தாள்களைத் தேடுவோர் அலுவலகங்களுக்கு அலைவதற்கு முன்னால் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது நல்லது. அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தவர் யார் என்ற இடத்தில் டீக்கடைக்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. அவருடைய பேரன் இன்றும் அதே இடத்தில் கடை வைத்திருக்கிறார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாள் தெரிந்த பிறகு உங்கள் வீட்டில் திதி கொடுத்தீர்களா?

முதல் பதிவர்:
கொடுத்தோம். ஆங்கிலத் தேதியை எழுதிக் கொடுத்ததும் எங்கள் ஊர் ஐயர் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேய்பிறை ஏகாதசி என்று சொன்னார். சென்ற ஆண்டு என் தாயார் எண்பத்தொன்றாம் வயதில் நாகப்பட்டினம் கடற்கரைக்கு வந்து, தாத்தாவின் பெயரையும் கோத்திரத்தையும் தம் வாயால் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கச் செய்தார்.