பக்கவாதத்திற்குப் பின் இறுகிப்போன வலது கை: வீட்டில் என்ன பயிற்சி தரலாம்?

கேள்வி: சுங்கை சிப்புட் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 67. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். நான்கு மாதங்களுக்கு முன் மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் செயலிழந்தன. கால் ஓரளவு தேறி, கைத்தடியை ஊன்றி வாசல் வரை நடக்கிறார். கைதான் எங்களைக் கலங்க வைக்கிறது.

மருத்துவமனையில் இருந்தபோது அந்தக் கை ஈரத்துணி போலத் தொங்கியது. வீட்டுக்கு வந்து சில வாரங்களில் முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் மூடிக் கட்டைவிரல் உள்ளே சிக்கியிருக்கிறது. உள்ளங்கையில் நகங்கள் பிறை பிறையாகத் தடம் பதித்திருக்கின்றன. விரல்களைப் பிரித்துக் கழுவாவிட்டால் வாடை வருகிறது.

இயன்முறை சிகிச்சைக்காக இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஈப்போவுக்கு அழைத்துப் போகிறோம். அங்கே கிடைப்பது அரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் வீட்டில் நாங்கள்தான். சித்தப்பா அந்தக் கையைப் பற்றி இழுத்துத்தான் அப்பாவைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறார். உருவிவிட வரும் பெரியவர் எண்ணெய் தேய்த்து வெடுக்கென்று நீட்டிவிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா ரப்பர் பந்து ஒன்றைத் தந்து, ஒரு நாளைக்கு 100 தடவை அமுக்கச் சொன்னார். அதன் பிறகு கை இன்னும் இறுகியதாகவே எனக்குப் படுகிறது. இவற்றில் எது சரி? நான்கு மாதம் கடந்துவிட்டதால் இனிப் பயனில்லை என்று ஒருவர் சொன்னது உண்மையா?

பதில் 1: ஓய்வுபெற்ற பிசியோ

வணக்கம் அம்மா. முதலில் இன்றே நிறுத்த வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: யாரும் அந்தக் கையைப் பிடித்து இழுத்து அவரை எழுப்பக் கூடாது. தோள்மூட்டைக் குழியில் நிறுத்தி வைப்பவை பெரும்பாலும் தசைகளே. அவை பலமிழந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு நழுவி இறங்கும். பிறகு வரும் தோள்வலி எந்தப் பயிற்சியையும் செய்ய விடாது. எழுப்பும்போது இடுப்பையும் முதுகையும் தாங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது முன்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். கூரையில் கயிறு கட்டிக் கையை மேலே இழுக்கும் பயிற்சியும் வேண்டாம்.

தொங்கிய கை ஏன் இறுகியது என்று கேட்பீர்கள். தசை நீளும்போது தண்டுவடம் தானாகவே அதைச் சுருங்கச் சொல்லும். அந்தக் கட்டளை மிகாதபடி அடக்கி வைப்பது மூளை. அடிபட்ட மூளையால் அந்த அடக்குதலைச் செய்ய முடிவதில்லை. ஆகவே எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாகக் கை எதிர்க்கும். வெடுக்கென்று நீட்டுவது தவறு என்பது இதனால்தான். எண்ணெய் தேய்ப்பதில் கெடுதல் இல்லை, இழுப்பதுதான் கெடுதல்.

விரல்களைத் திறக்க ஒரு வழி உண்டு. அவருடைய முழங்கையை மேசைமேல் தாங்கி, மணிக்கட்டை முதலில் உள்பக்கமாக மடக்குங்கள். அப்போது விரல்களை இழுக்கும் தசைநாண்கள் தளர்ந்து, விரல்கள் தாமாகவே சற்று அவிழும். கட்டைவிரலை நுனியில் பிடிக்காமல் அடிப்பக்கத்தில் பிடித்து வெளியே கொண்டு வாருங்கள். பிறகு விரல்களை விரித்து, விரித்த நிலையிலேயே மணிக்கட்டை மிக மெதுவாக நேராக்குங்கள். வலித்தால் அங்கேயே நில்லுங்கள்.

பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். அவருக்கு மூடும் பலம் மிகுதி. திறக்கும் பலம்தான் இல்லை. இறுக்கமும் பலவீனமும் ஒரே கையில் இருக்கும் இரண்டு வெவ்வேறு குறைகள் என்பதைக் குடும்பத்தார் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும்.

நான்கு மாதம் என்பது முடிவல்ல. முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும், பின்னர் மெதுவாகும், ஆனால் நின்றுவிடுவதில்லை.

பதில் 2: பீடோர் மகன்

தங்கச்சி, என் அம்மாவுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே நிலை வந்தது. நான் தாமதமாகக் கற்ற பாடம் எண்ணிக்கை பற்றியது. அமெரிக்காவில் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிகிச்சையின் ஓர் அமர்வில் பாதிக்கப்பட்ட கை செய்த பயனுள்ள அசைவுகளை எண்ணினார்கள், சராசரி 32தான். விலங்குகளில் மூளை மாற்றத்தைக் காட்டிய சோதனைகளிலோ அசைவுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எனவே பிசியோவிடம் போவது சரியான அசைவைக் கற்றுக்கொள்ள. செய்து முடிப்பது வீட்டு மேசையில்.

நாங்கள் மேசைமேல் துண்டை விரித்து, இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து முன்னே தள்ளிப் பின்னே இழுக்கச் செய்தோம். அம்மா பத்துக்கொரு புளியங்கொட்டையை ஒதுக்கி வைத்துத் தாமே கணக்குப் பார்த்தார். கண்ணாடிப் பயிற்சியும் உதவியது. நலமான கையை நிலைக்கண்ணாடியின் முன்னும் மற்றதை அதன் பின்னும் வைத்து அசைத்தால், செயலிழந்த கையே அசைவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். துண்டிக்கப்பட்ட கையில் வலியை உணர்ந்தவர்களுக்காக வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கையாண்ட முறை அது; பிறகுதான் பக்கவாதத்திற்கும் வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நாள் திடீரென்று இறுக்கம் கூடினால் கையை மட்டும் பார்க்காதீர்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, எங்கோ ஒரு புண், இவற்றில் எதுவும் காரணமாகலாம். அம்மாவுக்குக் கால் நகம் சதைக்குள் வளர்ந்திருந்ததை இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

ஈப்போவில் நாசாம் எனப்படும் தேசியப் பக்கவாதச் சங்கத்தின் நிலையம் இருக்கிறது. அச்சங்கம் 1996-இல் தொடங்கப்பட்டது. அப்பா தம்மைப் போன்றவர்களை அங்கே பார்ப்பது, நாம் சொல்லும் ஆறுதலைவிட மேலானது.

சுங்கை சிப்புட் மகள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்; வருத்தப்பட்டாரே தவிர கோபப்படவில்லை. ஐயா, போட்டோக்ஸ் ஊசி போடலாம் என்று மருத்துவர் சொல்கிறார். நலமான இடது கைக்குக் கையுறை மாட்டிக் கட்டிப்போட்டால் வலது கை வேலை செய்யும் என்றும் ஓர் உறவினர் சொன்னார். செய்யலாமா?

பதில் 3: ஓய்வுபெற்ற பிசியோ

ஊசி இறுக்கத்தைத் தளர்த்தும், பலத்தைத் தராது. அதன் பயன் ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கும். அந்தக் காலத்தில் விரல்களைத் திறக்கும் பயிற்சியை விடாமல் செய்தால்தான் செலவுக்கும் வலிக்கும் பொருள் உண்டு. ஆகவே ஊசிக்கு நாள் குறிக்கும் முன்பே பயிற்சிக்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

கையுறை முறை நல்லதுதான், ஆனால் இப்போது வேண்டாம். மணிக்கட்டைத் தானாக 20 பாகையும் விரல்களை 10 பாகையும் நிமிர்த்தக் கூடியவர்களிடம்தான் அம்முறை பெரிதும் ஆராயப்பட்டது. விரலே திறக்காதவரின் நல்ல கையையும் கட்டினால் அவர் சோற்றைக்கூட எடுக்க முடியாமல் மனம் உடைந்து போவார்.

அதற்குப் பதிலாக அப்பாவின் கைக்குத் தெரிந்த வேலையைக் கொடுங்கள். மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் பழைய பால் மங்கு (கிண்ணம்) ஒன்று கிடைத்தால் மேசைமேல் வையுங்கள். அதை வலது கையால் தொட்டு நகர்த்துவதும், இடது கையின் துணையோடு கவிழ்ப்பதும் நிமிர்த்துவதும் போதும்.

சுங்கை சிப்புட் மகள்

மங்கு கிடைத்தது. நேற்று 60 தடவை நகர்த்தினார். மரத்தின் வெட்டுக்கோட்டில் உறைந்த கோட்டுப்பாலை உரிப்பதுபோலக் கட்டைவிரலை ஆட்காட்டி விரலோடு சேர்க்க அவராகவே முயன்றார், இன்னும் சேரவில்லை. நீங்கள் சொன்னபடி மணிக்கட்டை மடக்கி விரல்களைத் திறந்து, இரண்டு மாதங்களுக்குப் பிறகு வலது கையின் ஐந்து நகங்களையும் வெட்டிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை.