ஷேடோ கேம்பிட்: நினைத்தபோதெல்லாம் சேமிக்கலாம் என்றால் சவால் எங்கே?

கடற்காகம்:

ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் இயங்கிய மிமிமி கேம்ஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ‘ஷேடோ கேம்பிட்: தி கர்ஸ்டு க்ரூ’வைக் கடினமான கணினி விளையாட்டு என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். முழுவதுமாக விளையாடி முடித்தவன் என்ற முறையில் இக்கருத்தை நான் மறுக்கிறேன். சாபத்தால் சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் அலையும் கடற்கொள்ளையர்களை வழிநடத்தி, இன்குவிசிஷன் என்னும் எதிரிப் படையினர் காவல் காக்கும் கரீபியத் தீவுகளுக்குள் யார் கண்ணிலும் படாமல் நுழைந்து, வந்த காரியத்தை முடித்துத் திரும்புவதுதான் ஆட்டம். தீவுகளின் அமைப்பிலோ காவலின் நெருக்கத்திலோ எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கணம் பதிவாகிவிடுகிறது. இன்னொன்றை அழுத்தினால் அதே கணத்துக்குத் திரும்பிவிடலாம். இதற்கு வரம்பும் இல்லை, விலையும் இல்லை. தவறுக்கு விலை இல்லாத இடத்தில் திட்டமிடும் தேவையே எழுவதில்லை. காவலன் எப்போது திரும்புவான் என்று கணிப்பதை விட்டுவிட்டு, ஓடித்தான் பார்ப்போமே என்ற மனநிலை வளர்கிறது. மறைந்து நகரும் ஆட்டத்துக்கு உயிர் அச்சம். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது, கொத்துச் சாவியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டில் நுழைத்துப் பார்க்கும் வேலை மட்டுமே.

தீவுக்காவல்:

சேமிப்புக்கு வரம்பில்லை என்பது உண்மை. அதனால் சவால் இல்லை என்ற முடிவு அதிலிருந்து பிறக்கவில்லை.

‘கின்ட்ரெட்’ என்னும் இரட்டைக் காவலர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரக் கட்டால் பிணைந்த இவர்களில் ஒருவனை மட்டும் வீழ்த்தினால் பயனில்லை. மற்றவனால் அவன் மீண்டும் எழுந்துவிடுவான். இருவரும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். கதைத் தலைவி அஃபியா எட்ட இருக்கும் எதிரியிடம் ஒரே பாய்ச்சலில் போய்ச் சேர்ந்து வெட்டுவாள். கண் தெரியாத குறிவல்லாளி தெரேசா தொலைவிலிருந்து அம்பெய்வாள், ஆனால் எய்த அம்பை அவளே போய் எடுத்துவந்தாக வேண்டும். இருவரும் ஒரே நொடியில் தாக்க ‘ஷேடோ மோட்’ வழியாக முன்கூட்டியே கட்டளையிட்டு வைக்கலாம். எனினும் அந்த நொடியில் மூன்றாவது காவலனின் பார்வைக் கூம்பு (அவன் கண்ணுக்கு எட்டும் பரப்பு) எந்தப் பக்கம் இருக்கும், விழுந்த உடல்களை எங்கே ஒளிப்பது, அம்பை எடுக்கப் போகும் தெரேசாவுக்கு மறைவிடம் வேண்டுமென்றால் மருத்துவர் சுலெய்டி விதை எறிந்து புதரை எங்கே முளைக்கச் செய்வது என்ற கேள்விகளுக்கெல்லாம் நீங்கள்தான் விடை காண வேண்டும். எத்தனை முறை பழைய கணத்துக்குத் திரும்பினாலும் இந்தக் கணக்கை விளையாட்டு உங்களுக்காகப் போட்டுத் தராது. குருட்டுத்தனமாக ஓடிப் பார்ப்பவர் குருட்டுத்தனமாகவே ஐம்பது முறை பிடிபடுவார்.

வரம்பற்ற சேமிப்பு இருப்பதால்தான் வடிவமைப்பாளர்களால் இத்தனை இறுக்கமான காவலை அமைக்க முடிந்தது என்றும் நான் கருதுகிறேன். இதே நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு ‘ஷேடோ டாக்டிக்ஸ்’, கடைசியாகச் சேமித்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைத் திரையிலேயே காட்டி, சேமிக்கும்படி நம்மைத் தூண்டியது. அவர்கள் அதைச் சலுகையாகக் கொடுக்கவில்லை. ஆட்டத்தின் அடிப்படை விதியாகவே வைத்தார்கள். ஷேடோ கேம்பிட் இன்னும் ஒருபடி மேலே போய், நிகழும் கணத்தை நினைவாகப் பிடித்துவைப்பது ‘ரெட் மார்லி’ என்னும் உயிருள்ள கப்பலின் ஆற்றல் என்று அதைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

கடற்காகம்:

கதைக்குள் இடம் கொடுத்துவிட்டால் குறை நிறையாகிவிடாது. க்ளேய் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘இன்விசிபிள் இங்க்’கைப் பாருங்கள். அதுவும் மறைந்து நகரும் வியூக விளையாட்டுதான். அதிலும் பின்னோக்கிச் செல்லலாம், ஆனால் சில முறை மட்டுமே. ஒவ்வொரு சுற்று கடக்கும்போதும் எச்சரிக்கை அளவு ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஒரு கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்பதே நெஞ்சை அழுத்தும் முடிவாகிறது. ஷேடோ கேம்பிட்டில் அபாய மணி அடித்தால் கூடுதல் காவலர்கள் வருவார்கள் என்று விதி இருக்கிறது; அந்த மணி அடித்தபின் தொடர்ந்து ஆடியவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். மணியோசை கேட்டவுடன் விரல் தானாகவே பழைய கணத்துக்குத் திரும்பும் பொத்தானைத் தேடிப் போகிறது. அத்தனை உழைத்து உருவாக்கிய ஒரு விதியை எவரும் அனுபவிக்காமல் போவது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

தீவுக்காவல்:

அபாய மணியைப் பற்றி நீங்கள் சொல்வது சரியே. அந்தப் பகுதி வீணாகத்தான் போகிறது. ஆனால் இன்விசிபிள் இங்க் பொருத்தமான ஒப்பீடு இல்லை. அது முறை வைத்து ஆடுவது. நீங்கள் நகர்ந்து முடிக்கும்வரை காவலன் அசையாமல் காத்திருப்பான். அதன் கட்டடங்கள் ஒவ்வொரு முறையும் கணினியால் புதிதாக உருவாக்கப்படுவதால், தோற்று மீண்டும் தொடங்குபவருக்குப் புதிய சிக்கல் கிடைக்கிறது. ஷேடோ கேம்பிட்டின் தீவுகளோ கையால் வடிக்கப்பட்டவை; காவலர்கள் ஒரே பாதையில்தான் ரோந்து சுற்றுவார்கள். ஒரு மணி நேரம் கடந்தபின் ஒரு தவறுக்காகத் தொடக்கத்துக்கே அனுப்பப்பட்டால், ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்ட விடைகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பதைத் தவிர அங்கே செய்ய ஒன்றும் இருக்காது. நீங்கள் கேட்கும் அச்சம் அதில் கிடைக்கலாம், சிந்தனை கிடைக்காது.

பாய்மரம்:

இருவரும் சேமிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். கடினம் குறைந்ததற்கு உண்மையான காரணம் வேறு என்பது என் வாதம்.

இதே நிறுவனம் 2020இல் உருவாக்கிய ‘டெஸ்பெராடோஸ் 3’இல் எந்தப் பணிக்கு யார் யார் வருவார்கள் என்பதை வடிவமைப்பாளர்களே தீர்மானித்தார்கள். ஆகவே குறிப்பிட்ட ஆளின் குறிப்பிட்ட பலவீனத்தைக் குறிவைத்து ஒவ்வொரு சதுக்கத்தையும் ஒவ்வொரு காவல் கோபுரத்தையும் அமைக்க முடிந்தது. மிகக் கடினமான நிலையில், நாம் திட்டமிடும்போதுகூட நேரம் நிற்பதில்லை. ஷேடோ கேம்பிட்டிலோ முதன்மைக் கதையின் எண்மரில் பெரும்பாலும் மூவரை நாமே தேர்ந்தெடுக்கிறோம். கணக்குப்படி அது 56 சேர்க்கைகள். எந்த மூவர் வந்தாலும் கடக்கும்படி ஒரு கோட்டையை அமைத்தால், அந்தக் கோட்டை எவருக்கும் முழுமையான எதிரியாக இருக்க முடியாது. கப்பலின் குவார்ட்டர்மாஸ்டர், அதாவது நிர்வாகப் பொறுப்பாளர், பிங்கஸ் காவலனின் உடலுக்குள் புகுந்து எதிரி முகாமுக்குள் நடந்து போகிறார். அஃபியாவின் பாய்ச்சலோ தூரம் என்ற தடையையே பாதியாகக் குறைத்துவிடுகிறது. போதாதென்று, ஒரே தீவுக்கு வெவ்வேறு பணிகளுக்காக மீண்டும் மீண்டும் போகிறோம். இரண்டாம் முறை போகும்போது எந்தப் பாறைக்குப் பின்னால் எவன் நிற்பான் என்பது நினைவில் இருக்கிறது. சேமிப்புப் பொத்தானைப் பிடுங்கிவிட்டாலும் இந்தத் தளர்ச்சி தீராது.

கடற்காகம்:

நண்பர் பாய்மரம் சொன்னது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. வல்லமைகள் மிகுந்துவிட்ட இடத்தில்தான் தவறுக்கு விலை இன்னும் அதிகமாக வேண்டும்.

தீவுக்காவல்:

பாய்மரத்துக்கு என் மறுமொழி இது. டெஸ்பெராடோஸ் 3இல் ஒவ்வொரு சிக்கலும் கூர்மையாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே நாம் கண்டுபிடித்தவை பெரும்பாலும் வடிவமைப்பாளர் முன்பே எண்ணி வைத்திருந்த விடைகள். ஷேடோ கேம்பிட்டில் அவர்கள் எண்ணியிராத விடைகளுக்கும் இடம் இருக்கிறது. பீரங்கிக்காரி கயேல் தன் தோழரையே பீரங்கிக்குள் இட்டு மதிலுக்கு மேலே சுட்டு அனுப்புவாள். எதிரியின் உடலையும் அப்படியே எறிவாள். அவளோடு சுலெய்டியைச் சேர்த்தால், வானத்திலிருந்து இறங்கும் தோழர் எங்கே ஒளிவார் என்ற கேள்விக்கு ஒரு வழி. சமையல்காரர் டோயாவைச் சேர்த்தால் முற்றிலும் வேறு வழி. தரையிறங்கும் இடத்தையும் நாமே தேர்ந்தெடுக்கிறோம்; கிழக்குக் கரையில் இறங்கியவர் கண்ட தீவும் மேற்குக் கரையில் இறங்கியவர் கண்ட தீவும் ஒன்றாக இருப்பதில்லை. 56 சேர்க்கைகளில் எளிதானதை மட்டும் திரும்பத் திரும்ப அழைத்துச் சென்றுவிட்டு ஆட்டம் எளிது என்று சொல்வது நியாயமாகாது.

பாய்மரம்:

எளிதான மூவரை அழைத்துச் செல்ல வேண்டாம் என்று என்னை நானே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றால், சவாலை அமைக்கும் பொறுப்பு வடிவமைப்பாளரிடமிருந்து என் தலையில் வந்து விழுகிறது. சேமிக்காமல் ஆடிப் பாருங்கள் என்று கடற்காகத்திடம் சொன்னாலும் இதே நிலைதான். விளையாடுபவர் தானே இட்டுக்கொள்ளும் விதியும் விளையாட்டு அவர்மீது சுமத்தும் விதியும் மனத்தில் ஒரே எடையைப் பெறுவதில்லை. தானே இட்ட விதியை மீறும்போது கேட்க ஆளில்லை.

கடற்காகம்:

நான் கேட்பதும் அதுதான். 2012இல் வந்த ‘எக்ஸ்காம்: எனிமி அன்னோன்’ விளையாட்டில் ‘அயர்ன்மேன்’ என்றொரு தேர்வு இருந்தது. விரும்பியவர் அதைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதன்பின் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. தீவுக்காவல் சொன்னதுபோல் தீவின் தொடக்கத்துக்கே தள்ள வேண்டியதில்லை. ஒரு பணிக்கு ஐந்து நினைவுகள்தான் ரெட் மார்லியால் தாங்க முடியும் என்று வைத்திருக்கலாம். எந்தக் கணம் காக்கத் தகுந்தது என்று தேர்ந்தெடுப்பதே வியூகத்தின் ஒரு பகுதியாகியிருக்கும். அபாய மணி அடித்தபின்னும் பலர் நின்று ஆடியிருப்பார்கள்.

தீவுக்காவல்:

விருப்பத் தேர்வாக வைத்தால் எனக்கு மறுப்பில்லை, அதையே இயல்பு நிலையாக ஆக்காதவரை. ஆனால் மிமிமியிடம் கேட்கும் காலம் போய்விட்டது. விளையாட்டு வெளியான அதே 2023 ஆகஸ்டில், நிறுவனத்தை மூடப் போவதாக அறிவித்தார்கள். நீண்ட காலப் பணிச்சுமை தங்களையும் குடும்பங்களையும் வாட்டியதையும் செலவு ஏறிக்கொண்டே போனதையும் காரணமாகச் சொன்னார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஷேடோ டாக்டிக்ஸின் பாத்திரமான யூக்கியைக் கப்பலில் ஏற்றிய கூடுதல் பகுதியோடு அவர்கள் பணி முடிந்தது. 1998இல் ‘கமாண்டோஸ்’ தொடங்கிவைத்த இந்த வகைக்கு 2025இல் ‘கமாண்டோஸ்: ஆரிஜின்ஸ்’ வந்திருக்கிறது, உங்கள் ஐந்து நினைவுகள் யோசனையை இனி வருபவர்களிடம்தான் வைக்க வேண்டும்.