புதுப்பிப்பு: ரெசெட்டியரில் கடன் தீர்ந்தது

ரெசெட்டியர் என்ற கணினி விளையாட்டில் கடை நடத்தி, வாராவாரம் தவணை கட்டிக் கடனை அடைக்க வேண்டும். முந்தைய பதிவில், நான்காம் வாரத் தவணை 2 லட்சம் பிக்ஸ் (விளையாட்டின் பணம்) கட்ட முடியாமல் கடை பறிபோனது என்று புலம்பியிருந்தேன் அல்லவா? நேற்று மொத்தக் கடன் 8,20,000 பிக்ஸையும் அடைத்துவிட்டேன். சரக்குக்காக நிலவறையில் வாள் வீசியதைவிட, வருகிறவர்களிடம் விலையை முப்பது சதவீதம் ஏற்றிச் சொன்னதுதான் காப்பாற்றியது. சிறுமி வந்தால் மட்டும் இறங்கிப் போனேன், பாவம்.

அப்புறம் ஒரு திருத்தம். விளையாட்டின் ஆங்கிலத் தலைப்பு நேரடி மொழிபெயர்ப்பு என்றேன், தப்பு. 2007இல் வந்த ஜப்பானிய மூலத்தில் துணைத்தலைப்பு ‘சாமான்கடை தொடங்குவது எப்படி’ என்ற பொருளில் இருக்கும். 2010இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்த கார்ப்பே ஃபுல்கர் நிறுவனம் அதை ‘ஒரு சாமான்கடையின் கதை’ ஆக்கியது. ‘கேப்பிடலிசம், ஹோ!’ என்று கடைக்காரச் சிறுமி ரெசெட் கூவுவதும் அவர்கள் கைவண்ணம்தான். இன்னும் காதிலேயே இருக்கிறது.