புதுப்பிப்பு: ஒரே ஊர்ப்பெயர், ஆனால் பைத்தான் நிரல்மொழியில் == (இரண்டும் சமமா என்ற ஒப்பீடு) ‘பொய்’ என்கிறது (தீர்ந்தது)

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: ஈரோட்டில் மாமாவின் மஞ்சள் மண்டிக்கு, சரக்கு வரத்து அளவை ஊர்வாரியாகக் கூட்டும் நிரல் ஒன்றை பைத்தான் 3-இல் எழுதினேன். பெருந்துறை, அந்தியூர் எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்தன. கொடுமுடியும் கோபியும் மட்டும் இரண்டிரண்டு வரியாக வந்தன.

இடைவெளிகளை வெட்டிப் பார்த்தேன், பலனில்லை. சரத்தின் (நிரலில் எழுத்துகளின் தொடர்) நீளத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னவர்தான் சரியான இடத்தைக் காட்டினார். ஒரு ‘கொடுமுடி’க்கு 8, இன்னொன்றுக்கு 9! கைபேசியில் அடித்ததில் ஒகரக் குறி ஒரே யுனிகோட் எண் (எழுத்துக்கும் குறிக்கும் கணினி வைத்திருக்கும் எண்). பழைய கோப்பில் கொம்பும் காலும் தனித்தனி எண்கள். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. == அந்த எண்களைத்தான் ஒப்பிடுகிறது.

தீர்வு: பைத்தானின் யுனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் (எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை), அதில் என்.எஃப்.சி வடிவம், அதாவது கொம்பையும் காலையும் ஒரே எண்ணாகச் சேர்ப்பது. கோப்பைப் படிக்கும் இடத்திலேயே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு == முன்னாலும் போடுவது வேலைக்காகாது.

எதிர்பாராத ஒன்று: ‘கொள்முதல்’ என்ற மாறியை (நிரலில் மதிப்பைச் சேமிக்க வைக்கும் பெயர்) எப்படி அடித்தாலும் பைத்தானுக்கு அது ஒரே மாறிதான். மாறிப் பெயர்களைத் தானே சீராக்கிக்கொள்கிறது, சரங்களைத் தொடுவதில்லை.

அப்புறம், ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’வும் போட்டு அடித்த ‘கௌந்தப்பாடி’ நார்மலைஸுக்கு மசியாது. ரீப்ளேஸ் (ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும் கட்டளை) போட்டுத்தான் மாற்றினேன். < (சிறியதா என்ற ஒப்பீடு; இதுவும் எண்களைத்தான் பார்க்கிறது) வைத்து வரிசைப்படுத்தினாலும் ‘ன’ எழுத்து ‘ப’வுக்கு முன்னால் வந்துவிடுகிறது. அகரவரிசை வேண்டுமானால் எந்த எழுத்துக்குப் பின் எது என்று சொல்லும் வரிசைச் சாவியை நாமே எழுத வேண்டும்.