தேக்கு பெஞ்சில் பித்தளைப் பட்டை எழும்புகிறது: எந்தப் பசை தாங்கும்?

வணக்கம். சென்னையில் இளம் வடிவமைப்பாளர்களின் படைப்புகளுக்கென்றே கேலரி நடத்துகிறேன். காட்சியில் இருக்கும் தேக்கு பெஞ்சில், நாருக்குக் குறுக்கே பதித்த பித்தளைப் பட்டையின் முனை எழும்பிவிட்டது. 8 மட்டுமே செய்யும் வரிசையில் இது முதலாவது. செய்த பெண்ணுக்கு இதுதான் முதல் கண்காட்சி, அதனால் பின்னறைக்கு அனுப்ப மனம் வரவில்லை.

பலகை 40 மி.மீ., பட்டை 3 மி.மீ. தடிமன், ஒட்டியது எபாக்சி. பட்டறை கடலோரம், ஈரப்பதம் 75% இருக்கும். இங்கே ஏசியில் 45%. மரம் சுருங்குகிறது, பித்தளை அப்படியே நிற்கிறது. ஏப்ரலில் வந்தது, மே மாதமே எழும்பியது.

கிளாம்ப் போட்டு மறுபடி எபாக்சி வைத்தோம், பிடிக்கவில்லை. அப்புறம் ஏசியைக் குறைத்தும் பார்த்தாயிற்று. ஆசாரி திருகாணி போடச் சொன்னார். அவளுடைய வடிவத்தையே அது கெடுத்துவிடும், ஒப்பவில்லை.

மரத்தோடு சேர்ந்து நெகிழ்ந்து கொடுக்கிற, விளிம்பில் கறை தெரியாத பசை எது?